பெரியம்மா தந்த டீ ட்ரீ ஒயிலும் என் தாடையும்

கடலோர வீதி

இரண்டு வருடத்துக்கு முன் பெரியம்மா மெல்பேர்னிலிருந்து வந்தபோது சொக்லேட்டோடு ஒரு சின்ன டீ ட்ரீ ஒயில் போத்தலும் கொண்டுவந்தார். "பருவுக்கு நல்லது பிள்ளை, ஆனா அப்பிடியே பூசிப்போடாதை" என்று சொல்லித்தான் தந்தார். முதற்பாதி மட்டும்தான் என் மண்டையில் நின்றது.

தொடக்கத்தில் ஒன்றும் ஆகவில்லை. பஞ்சில் ஒரு சொட்டுத் தொட்டு வைத்தால் கொஞ்சம் காந்தும், இரண்டு நாளில் பரு வற்றிவிடும். எனக்கோ பெரிய சந்தோஷம். போத்தல் இருந்தது வெள்ளவத்தையில் எங்கள் குளியலறை யன்னல் விளிம்பில், பின்னேர வெயில் நேரே விழும் இடத்தில். மூடியை ஒழுங்காக இறுக்கியதாகவும் ஞாபகம் இல்லை. இந்த வருடம் மாசியில் அதே எண்ணெயைத் தாடையில் பூசினேன். இரண்டாம் நாள் காலை தாடை முழுக்கச் சிவந்து, ஒரே கடி, சின்னச் சின்ன நீர்க்கொப்புளம் வேறு.

தோல் வைத்தியர் கேட்ட முதல் கேள்வி, "போத்தல் எவ்வளவு பழசு?" காற்றும் வெளிச்சமும் சூடும் படப்பட இந்த எண்ணெய் ஒட்சியேற்றமடையுமாம், அதாவது ஒட்சிசனோடு சேர்ந்து கெட்டுப்போகுமாம். அப்போது உண்டாகும் பொருட்கள் புது எண்ணெயைவிட அதிகமாக ஒவ்வாமையைக் கிளப்புமாம். அதிலும் நான் எதிலும் கலக்காமல் தண்ணீர் போலப் பூசியிருக்கிறேன். ஒருமுறை உடம்பு இதை எதிரியாக எடுத்துக்கொண்டால் அப்புறம் புதுப் போத்தலும் ஒத்துக்கொள்ளாதாம். இப்போது சோப், ஷாம்பு எது வாங்கினாலும் கண்ணாடி போட்டுக்கொண்டு லேபல் வாசிக்கிறேன்.

கொட்டாஞ்சேனைப் பேரன்

நானும் ஒரு போத்தல் வாங்கி, அப்பாயியிடம் காட்டி "தேயிலை மர எண்ணெய்" என்றேன். ஹட்டனில் நாற்பது வருடம் கொழுந்து பறித்தவர். "எத்தன மூட்ட கொழுந்து எடுத்திருப்பேன், ஒரு சொட்டு எண்ண பாத்ததில்லையே" என்றார். அவர் சொன்னது சரி. நம் தேயிலைக்கும் இதற்கும் உறவே இல்லை. இது அவுஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்ஸின் வடபகுதியில் வளரும் மெலலூக்கா அல்டர்னிபோலியா என்ற மரம். கொய்யா, நாவல், கராம்பு எல்லாம் இதன் குடும்பம்தான். அங்குள்ள பண்ட்ஜலங் பழங்குடியினர் இலையைக் கசக்கிப் புண்ணுக்குப் போட்டு வந்தவர்கள். 1920களில் ஆர்தர் பென்ஃபோல்ட் என்ற வேதியியலாளர் இதன் கிருமிகொல்லும் தன்மையை ஆராய்ந்து எழுதிய பிறகுதான் வெளியில் பேர் பரவியது. தேயிலை விதையிலிருந்து எடுக்கும் எண்ணெய் ஒன்றும் இருக்கிறது, சீனாவில் தேயிலையின் உறவுச் செடி ஒன்றின் விதை எண்ணெயில் சமைக்கிறார்கள். இரண்டையும் குழப்பி டீ ட்ரீ ஒயிலை வாயில் வைத்துவிடாதீர்கள்.

நான் வாங்கியது கால்விரல் இடுக்கில் வந்த சேற்றுப்புண்ணுக்கு. மழைக்காலத்தில் புறக்கோட்டையில் நனைந்த சப்பாத்தோடு நாள் முழுக்க நின்றால் வேறென்ன வரும். ஒரு தேக்கரண்டித் தேங்காயெண்ணெய்க்கு 5 சொட்டு, அது கிட்டத்தட்ட 5 சதவீதம். நாற்றமும் அரிப்பும் குறைந்தன, புண் போகவில்லை. கடைசியில் அதை ஆற்றியது பார்மசியில் வாங்கிய, பங்கசு கொல்லும் குளோட்ரிமசோல் கிறீம்தான். முதல் நாள் வெறும் யோகட் கப்பில் ஒயிலை ஊற்றி வைத்துவிட்டுத் தேங்காயெண்ணெய் எடுக்கப் போனேன். வந்து பார்த்தால் கப்பின் அடி இளகிப் பிசுபிசுக்கிறது! அன்றிலிருந்து கண்ணாடிக் கிண்ணம்தான்.

பூனைக்காரி

பூனைக்குத் தெள்ளு. "இயற்கை மருந்துதானே" என்று கழுத்தில் நாலைந்து சொட்டு விட்டேன். சில மணி நேரத்தில் பின்னங்கால்கள் தள்ளாடின, உடம்பு நடுங்கிக் குளிர்ந்துபோனது. மிருக வைத்தியரிடம் இரண்டு நாள் கிடந்து பிழைத்தது. பூனையின் ஈரலால் இந்த மாதிரிப் பொருட்களைச் சரியாகக் கழிக்க முடியாதாம், போதாததற்கு அது உடம்பை நக்கியும் விழுங்கும். நாய்க்கும் இதே ஆபத்து உண்டு. இன்னும் அந்தப் பூனை என் கையை மணந்து பார்த்துவிட்டுத்தான் மடியில் ஏறுகிறது.

மூன்று பிள்ளைகளின் அம்மா

பேனுக்காக வாங்கி மேசையில் வைத்ததைச் சின்னவன் ஒரு வாய் குடித்துவிட்டான். மூன்று வயது. அரை மணித்தியாலத்துக்குள் தூக்கக் கலக்கம், நடக்கச் சொன்னால் குடிகாரன் போல ஆடுகிறான். மாமி உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கச் சொன்னார். நல்லவேளை செய்யவில்லை. வாந்தியோடு எண்ணெய் சுவாசப்பைக்குள் போனால் அது இன்னும் மோசமாம். 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடித்துக் கொண்டுபோனோம். ஒரு இரவு வார்டில் வைத்துப் பார்த்தார்கள், காலையில் பாண் கேட்டான். 10 மில்லிலீட்டருக்குக் குறைவாகக் குடித்த பிள்ளைகளும் இப்படி ஆகியிருக்கிறார்கள் என்றார் வைத்தியர். மருந்துப் பெட்டிக்கு இப்போது பூட்டு, திறப்பு என் கழுத்தில்.

மருந்துக்கடைத் தம்பி

பயப்படுத்தியே எல்லோரையும் ஓடவைக்காதீர்கள், இதில் நல்லதும் இருக்கிறது. 1990இல் அவுஸ்திரேலியாவில் 124 பேரிடம் 5 சதவீத டீ ட்ரீ ஜெல்லை, வழமையான பரு மருந்தான பென்சாயில் பெரொக்சைட்டோடு ஒப்பிட்டார்கள். இரண்டுமே பருவைக் குறைத்தன. டீ ட்ரீ மெதுவாகத்தான் வேலை செய்தது, ஆனால் எரிச்சல் குறைவு. பொடுகுக்கு 5 சதவீத ஷாம்புவை நாலு கிழமை போட்டவர்களுக்கு 41 சதவீதம் குறைந்தது, வெறும் ஷாம்பு போட்டவர்களுக்கு 11. கவனியுங்கள், இரண்டிலும் 5 சதவீதம். கடைக்கு வருபவர்கள் இதை எதற்கும் அப்படியே தேய்க்கும் சித்தாலேப தைலம் போல நினைத்துக் கேட்பதுதான் எனக்குக் கவலை. கண்ணுக்குக் கிட்ட, காதுக்குள் விடவே வேண்டாம். முகத்தில் பூச முன் கலந்ததை முழங்கை மடிப்பில் வைத்து இரண்டு நாள் பாருங்கள். கடும்நிறப் போத்தல், குளிர்ந்த இடம், இறுக்கிய மூடி. திறந்த திகதியைப் போத்தலிலேயே எழுதிவிடுங்கள்.

கடலோர வீதி

தம்பி, திகதி எழுதுகிற யோசனை எனக்குத் தோன்றவே இல்லை. பழைய போத்தலை எறிந்துவிட்டேன். பெரியம்மாவிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. வருகிற மாதம் வருகிறார், "உனக்குப் பிடிச்ச ஒயில்" என்று இந்த முறை பெரிய போத்தலாக வாங்கி வைத்திருக்கிறாராம்.