புதுப்பிப்பு: மாரியில் பழைய ஓட்டு வீடு

திருகோணமலைக் கிராமங்களில் பழைய ஓட்டு வீடெடுத்துத் தங்குவது பற்றி எழுதியதற்கு வந்த கேள்வி: மார்கழியில் ஒழுகாதா?

ஒழுகலாம். வாடைக் காற்று மழையை ஓட்டிடுக்குக்குள் தள்ளும். குரங்கு பாய்ந்து நகர்த்திய ஒற்றை ஓடு போதும். பணம் கட்டுமுன் நடுப்பகலில் கதவு யன்னலைச் சாத்தி அண்ணாந்து பாருங்கள். வெளிச்சம் பொட்டாகத் தெரிகிற இடத்தால் தண்ணீரும் வரும். உடைந்த ஓட்டை மாற்றியிருந்தால் நல்லது. சீமெந்து பூசியிருந்தால் நம்பவேண்டாம்: வெயிலுக்கு வெடிக்கும், ஈரத்தைப் பிடித்துவைத்துச் ஓடுகளைத் தாங்கும் மரச் சிலாகையை உக்கவைக்கும். இரண்டு கூரை சந்திக்கும் பீலிக்குக் கீழே கட்டில் போடாதீர்கள். நுளம்பு வலையை மெத்தைக்கடியில் செருகுங்கள்.

திருகோணமலைக்குக் கிட்டவுள்ள கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழுக்கும் காலையிலேயே போங்கள்; வாளியால் அள்ளித்தான் குளிக்கவேண்டும். இருட்டினால் காட்டோர வீதியில் யானை நிற்கும், மோட்டார் சைக்கிளில் வெளிக்கிடவே வேண்டாம்.