கலே பூச்சாடி: அசலா, ருமேனிய நகலா?

வணக்கம். போன மாதம் பிரான்ஸில் நான்சிக்குப் பக்கத்தில் ஒரு பழம்பொருள் சந்தையில் 180 யூரோவுக்கு ஒரு கண்ணாடிப் பூச்சாடி வாங்கினேன். 'கலே' என்று கையெழுத்து இருக்கிறது. பிரெஞ்சுக் கண்ணாடிக் கலைஞர் எமில் கலேயின் பட்டறையில் செய்ததா, பின்னாளில் ருமேனியாவில் செய்த நகலா என்று முடிவுக்கு வர முடியவில்லை.

உயரம் 24 செ.மீ. மஞ்சள் கண்ணாடிமேல் பழுப்பு அடுக்கு, அமிலத்தால் அரித்தெடுத்த கொடியும் பூவும். கையெழுத்தும் பூவேலையைப் போலவே புடைத்து நிற்கிறது. நட்சத்திரம் இல்லை. கலே 1904இல் இறந்த பிறகு சில ஆண்டுகள் பெயரோடு நட்சத்திரம் போட்டார்கள். பட்டறை 1930கள் வரை நடந்ததால், அது இல்லை என்பதை வைத்து எதுவும் சொல்வதற்கில்லை.

உறுத்துவது ஒன்றுதான். கையெழுத்தை ஒட்டி நகத்தளவு இடம் மட்டும் வழவழவென்று இருக்கிறது. சுற்றிலும் மங்கலான சொரசொரப்பு. ருமேனிய நகல்களில் பெயருக்குப் பக்கத்தில் 'டிப்' (ருமேனிய மொழியில் 'வகை') என்று இருக்கும், அதைத் தேய்த்து அழித்துவிட்டு விற்பவர்கள் உண்டு.

லென்ஸ் வைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். எழுத்தின் தடம் தெரியவில்லை. 'நான்சி பள்ளி' என்ற கலை இயக்கத்தின் அருங்காட்சியகத்துக்கும் போனேன், கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று எவ்வளவு தெரியும்? ஓர் ஏலக் கூடத்துக்குப் படம் அனுப்பினால், நேரில் பார்க்காமல் சொல்ல முடியாதாம். அடியில் தேய்மானம் இருக்கிறது. சரி, அதை உப்புத்தாளாலும் உண்டாக்கலாமே.

கலே சாடிகளைக் கையில் எடுத்துப் பழகியவர்கள் சொல்லுங்கள்: கையெழுத்தை விட்டுவிட்டு, அடுக்கின் ஓரத்திலோ அடிப்பாகத்திலோ எதைப் பார்த்து நகலைக் கண்டுபிடிப்பீர்கள்?