ஓரக்கல்லில் இடித்த பிறகு சஸ்பென்ஷன் மாற்றியவர்கள்: கழற்றிப் பார்த்தபோது என்ன இருந்தது?

மழைநாள்:

மாற்றி ஒரு வாரம் ஆகிறது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நாலு மாதம் முன்பு மழையில் திரும்பும்போது இடது முன் சக்கரம் நடைபாதை ஓரக்கல்லில் இடித்தது. வேகம் 30கூட இருக்காது. ரிம்மில் கீறல், டயருக்கு ஒன்றும் இல்லை. மறுநாளே அலைன்மென்ட் பார்த்தேன். டோ, அதாவது சக்கரம் நேராகப் பார்க்கும் கோணம், விலகியிருந்தது. ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடைத் திருகிச் சரிசெய்துவிட்டார்கள். இடது கேம்பர், அதாவது சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே (மைனஸ்) அல்லது வெளியே (பிளஸ்) சாயும் கோணம், மட்டும் மைனஸிலிருந்து பிளஸ் பக்கம் போயிருந்தது. கேட்டேன். "இந்தக் காரில் அதைத் திருத்த வழியில்லை சார், அளவுக்குள்தான் இருக்கிறது" என்றார்கள். சரி என்று வந்துவிட்டேன்.

ஆனால் ஒவ்வொரு பள்ளத்திலும் காது அந்தப் பக்கமே போகும். வீட்டில் வேறு யாருக்கும் கேட்காத சத்தம் எனக்கு மட்டும் கேட்கும். ஷாக் அப்சார்பர் எப்படியும் 80,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது, மாற்றுவதென்றால் நல்லதாகவே போடுவோம் என்று நாலு பக்கமும் கேஸ் ஷாக், கொஞ்சம் அழுத்தமான ஸ்பிரிங், முன்னால் சக்கரத்தைக் கீழே காரோடு இணைக்கும் லோயர் ஆர்ம், ஷாக்கின் மேல்முனை உட்காரும் டாப் மவுண்ட் எல்லாம் வாங்கினேன்.

மெக்கானிக் அண்ணன் பழைய ஷாக்கிலிருந்து ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, ஷாக்கை வைஸில் கவ்வி, மேலே நீட்டியிருந்த கம்பியை இரண்டு விரலால் சுழற்றினார். வலது ஷாக்கின் கம்பி நின்ற இடத்திலேயே சுழன்றது. இடது கம்பியின் நுனி காற்றில் ஒரு வட்டம் போட்டது. சட்டைப் பொத்தான் அளவு வட்டம். அவர் ஒன்றும் பேசாமல் இன்னொரு தடவை சுழற்றினார். மறுபடியும் அதே வட்டம்.

கார் இப்போது அருமையாகப் போகிறது. ஆனால் நாலு மாதம் பிள்ளைகளைப் பின்னால் உட்காரவைத்து அந்தக் கம்பியை நம்பி ஓட்டியிருக்கிறேன். உங்களில் யாராவது கழற்றிப் பார்த்து இப்படி ஏதாவது கண்டீர்களா?

இரண்டாம்கியர்:

எனக்கு நேர்மாறு. இடித்ததில் ரிம்மும் லோயர் ஆர்மும் வளைந்தது உடனே தெரிந்துவிட்டது. மாற்றும்போது, எல்லாம் கழன்றுதானே கிடக்கிறது என்று 35 மில்லிமீட்டர் தாழ்த்தும் ஸ்பிரிங்கைப் போட்டேன். ஷாக் பழசே இருக்கட்டும் என்று விட்டேன். அது என் தவறு. குட்டை ஸ்பிரிங்குக்குப் பழைய ஷாக் தாங்காது. ஒரு வருடத்துக்குள் இரண்டும் எண்ணெய் கசிந்தன.

ஆனால் உறுத்துவது அதுவல்ல. நான் எத்தனையோ தடவை நிறுத்திய அதே பார்க்கிங். சக்கரம் தாண்டாமல் இருக்க முன்னால் ஒரு கல் போட்டிருப்பார்களே, பழைய உயரத்தில் பம்பர் அதன்மேல் தாராளமாகப் போய் நிற்கும். அன்றைக்கும் அப்படியே விட்டேன். கரகரவென்று ஒரு சத்தம். பதறிப்போய் ரிவர்ஸ் எடுத்தேன். பம்பரின் ஒரு முனை அந்தக் கல்லிலேயே மாட்டிக்கொண்டு நிற்க, கார் மட்டும் பின்னால் வந்தது. கிளிப்புகள் ஒவ்வொன்றாகத் தெறிக்கும் சத்தம் உள்ளே உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டது. ஓரக்கல் பயத்தில் தொடங்கிய வேலை, பயத்தை இரண்டு மடங்காக்கிவிட்டது. தாழ்த்த நினைப்பவர்கள் தினமும் நிறுத்தும் இடத்தில் பம்பருக்கும் கல்லுக்கும் நடுவே எத்தனை விரல் இடைவெளி இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

நெடுவழி:

இரண்டாம்கியர் சொல்வதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. எல்லாரும் ஸ்பிரிங், ஷாக் என்றே பேசுகிறீர்கள். ஷாக் முக்கியமாக வாங்குவது மேலும் கீழும் வரும் அடியை. ஓரக்கல் அடிப்பது பக்கவாட்டில். அந்த அடியை முதலில் வாங்குவது டயரின் பக்கச்சுவர், அது போதாவிட்டால் ரிம், அதற்குப் பிறகுதான் ஆர்மும் டை ராடும். எவ்வளவு விலை உயர்ந்த ஷாக் போட்டாலும் இந்த வரிசை மாறாது.

நான் 225/40, 18 அங்குலம் போட்டிருந்தேன். 225 மில்லிமீட்டர் அகலத்தில் 40 சதவீதம், அதாவது பக்கச்சுவர் உயரம் 90 மில்லிமீட்டர்தான். ஒரு தடவை லேசாக உரசினேன். வெளியே ஒரு அடையாளமும் இல்லை. பத்து நாள் கழித்துக் காரைக் கழுவும்போது டயரின் உள்பக்கம் கையை விட்டேன். விரலில் ஒரு மேடு தட்டுப்பட்டது. பாதி எலுமிச்சம்பழத்தை உள்ளே வைத்துத் தைத்தது மாதிரி. உள்ளே நூல் அறுந்து, ரப்பர் மட்டும் காற்றைத் தாங்கிக்கொண்டிருந்தது. முந்தின நாள்தான் அதே டயரில் 110ல் 300 கிலோமீட்டர் வந்திருந்தேன். கையை வெளியே எடுக்கவே கொஞ்ச நேரம் ஆனது.

இப்போது 205/55, 16 அங்குலம். பக்கச்சுவர் கிட்டத்தட்ட 113 மில்லிமீட்டர். மொத்த விட்டம் ஏறக்குறைய அதேதான், ஸ்பீடோமீட்டரிலும் பெரிய வித்தியாசம் இல்லை. பிரேக் காலிப்பர் 16 அங்குல ரிம்முக்குள் அடங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சஸ்பென்ஷனில் நான் கை வைக்கவே இல்லை.

இரண்டாம்கியர்:

பம்பர் கழன்றதற்கு டயர் என்ன செய்யும் நண்பரே? உயரம் குறைந்தது ஸ்பிரிங்கால். நீங்கள் சொல்வது வேறு அடி, நான் சொன்னது வேறு அடி.

பழையஸ்பேனர்:

என் கதை சின்னது. ஓரக்கல்லில் ஏறி இறங்கிய பிறகு இரண்டு லோயர் ஆர்மையும் புதிதாகப் போட்டேன். ஆறே மாதத்தில், ஆர்மைக் காரோடு மாட்டும் இடத்தில் இருக்கும் ரப்பர், பின் புஷ் இரண்டும் கிழிந்து தொங்கின. பொருள் மட்டம் என்று நினைத்து இன்னொரு ஜோடி வாங்கினேன். அதுவும் கிழிந்தது. குற்றம் பொருளில் இல்லை, மாட்டிய விதத்தில்.

மழைநாள், நீங்களும் ஆர்ம் மாற்றியிருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன். புஷ் போல்ட்டைக் கடைசியாக முறுக்கும்போது சக்கரம் தொங்கிக்கொண்டிருந்ததா, தரையில் இருந்ததா? ரப்பர் புஷ் பேரிங் மாதிரி சுழலாது. நடுக்குழாயோடு ஒட்டியிருக்கும், ஆர்ம் அசைந்தால் ரப்பர்தான் முறுக்கிக்கொள்ளும். கார் தூக்கியிருக்கும்போது, ஆர்ம் கீழே தொங்கும் நிலையில் முறுக்கிவிட்டால் ரப்பர் அதையே இயல்பு நிலையாகப் பிடித்துக்கொள்ளும். கீழே இறக்கியதும் நின்ற இடத்திலேயே முறுக்கிக்கொண்டுதான் இருக்கும். ஓடாமல் நின்றாலும் அதற்கு ஓய்வே இல்லை. ஆகவே போல்ட்டைக் கையால் பிடிக்கும் அளவுக்கு வைத்து, காரை இறக்கி, அல்லது ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்து நிற்கும் உயரத்துக்குக் கொண்டுவந்து, அப்புறம்தான் டார்க் ரென்ச் (முறுக்கு அளவு காட்டும் ஸ்பேனர்) வைத்து முறுக்க வேண்டும். இப்போதுகூடத் தளர்த்தி மறுபடி முறுக்கலாம்.

அப்புறம், உயரம் கொஞ்சம் மாறினாலும் டோ மாறும். மாட்டிய அன்று ஒரு தடவை, ஸ்பிரிங் படிந்த பிறகு சில நூறு கிலோமீட்டர் ஓட்டி இன்னொரு தடவை அலைன்மென்ட் பாருங்கள். ஹெட்லைட் தானாக ஏறி இறங்கும் காராக இருந்தால் ஆர்மில் ஒரு சின்னக் கம்பியோடு சென்சார் இருக்கும். அதற்கும் புது உயரத்தைச் சொல்லித்தர வேண்டும், இல்லாவிட்டால் வெளிச்சம் சரியான இடத்தில் விழாது. ஷாக் கம்பியை யாரும் பிளையரால் பிடிக்க விடாதீர்கள். ஒரு கீறல் விழுந்தால் அது ஒவ்வொரு தடவை உள்ளே போய் வரும்போதும் எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீலை அறுக்கும்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். அலைன்மென்ட் தாளில் எஸ்.ஏ.ஐ. என்று ஒரு வரி இருக்கும், ஸ்டீயரிங் அச்சின் சாய்வு. பெரும்பாலும் யாரும் அதைப் பார்ப்பதில்லை. அதையும் கேம்பரையும் கூட்டினால் இரண்டு பக்கமும் ஒரே எண் வர வேண்டும். எஸ்.ஏ.ஐ. சமமாக இருந்து கூட்டுத்தொகை மட்டும் மாறினால் ஷாக்கோ, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளோ வளைந்திருக்கிறது. கூட்டுத்தொகை சமமாக இருந்து எஸ்.ஏ.ஐ. மாறினால் ஆர்ம் வளைந்திருக்கும், அல்லது ஆர்ம் மாட்டியிருக்கும் அடிச்சட்டம், சப்ஃபிரேம், நகர்ந்திருக்கும். கழற்றாமலே தெரிந்துவிடும். அலைன்மென்ட் திரையில் பச்சையாகக் காட்டியது என்று சொல்பவரிடம் இந்த இரண்டு எண்ணையும் கேளுங்கள்.

வெள்ளைஹேட்ச்:

எங்கள் வீட்டில் இடித்தது தம்பி. சொல்லவில்லை. ரிம்மில் இருந்த வெட்டின்மேல் சேற்றை அப்பிவைத்திருந்தான், அது எனக்குப் பிறகுதான் தெரியும்.

நான் கவனித்தது வேறு. நேர் ரோட்டில் போகும்போது ஸ்டீயரிங் நடுவில் இருக்கும் சின்னம் கொஞ்சம் சாய்ந்து நின்றது. கார் நேராகப் போகிறது, என் கைகள் மட்டும் ஒன்று மேலே, ஒன்று கீழே. இரண்டு மூன்று நாள் நான் உட்காரும் விதம்தான் சரியில்லையோ என்று சீட்டைக்கூட மாற்றிப் பார்த்தேன். முன் டயரின் மேல் கையை உள்ளிருந்து வெளியே தடவினால் வழவழப்பு, வெளியிலிருந்து உள்ளே தடவினால் ரம்பப் பல் மாதிரி குத்தியது. டோ விலகினால் இப்படித்தான் தேயும் என்று பிறகு சொன்னார்கள்.

டை ராட், இரண்டு லோயர் ஆர்ம், ஷாக் என்று முன்பக்கம் முழுக்க மாற்ற முடிவு செய்தோம். தம்பியும் கூட வந்தான். மெக்கானிக் வளைந்த டை ராடைப் புதியதன் பக்கத்தில் வைத்து, "எதில் இடித்தது, எவ்வளவு வேகம் என்று தெரிந்தால் நக்கிளையும் பார்க்கலாமா என்று முடிவு பண்ணலாம்" என்றார். நான் தெரியாது என்றேன். பக்கத்திலிருந்து தம்பி, "ரவுண்டானாவில் திரும்பும்போது, 40 இருக்கும், அக்கா" என்றான். மெக்கானிக்கைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. தரையில் கிடந்த அந்த இரண்டு கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்று நேர், ஒன்று வில் மாதிரி. நான் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. மூன்று வாரம் இதை மனதில் வைத்துக்கொண்டு அவன் எப்படித் தூங்கினான் என்றுதான் இன்னும் யோசிக்கிறேன்.

நெடுவழி அவர்களே, எங்களுடையது 195/65, 15 அங்குலம். பக்கச்சுவர் உங்களுடையதைவிட உயரம். டயருக்கு ஒன்றும் ஆகவில்லை, டை ராட்தான் வளைந்தது.

நெடுவழி:

சரி, ஏற்றுக்கொள்கிறேன். சக்கரம் திரும்பியிருக்கும்போது இடித்தால் அடி நேராக டை ராடுக்குப் போகும். நான் சொன்ன வரிசை நேராக உரசும்போது மட்டும்தான்.

மழைநாள்:

பழையஸ்பேனர் அண்ணே, புஷ்ஷை இறக்கிவைத்துத்தான் முறுக்கினார், நான் பக்கத்திலேயே நின்றேன். நன்றி.

நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி கீழே போய் டேஷ்போர்டு பெட்டியைத் திறந்தேன். இடித்த மறுநாள் கொடுத்த அலைன்மென்ட் தாள், நாலாக மடித்தபடி, இன்சூரன்ஸ் காகிதத்துக்குள் இருந்தது. மொபைல் வெளிச்சத்தில் தேடினேன். எஸ்.ஏ.ஐ. இரண்டு பக்கமும் 13.1. கேம்பர் வலது மைனஸ் 0.4, இடது பிளஸ் 0.1. கூட்டினால் வலது 12.7, இடது 13.2.

முதல் நாளே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நாலு மாதமும் பக்கத்து சீட்டுக்கு எதிரே, கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருக்கிறது.