புதுப்பிப்பு: மகளின் ஸ்டிக்கர் விவகாரம்

போன வாரம் எழுதியிருந்தேன்: கிருஷ்ணகிரி கேஆர்பி அணைப் பூங்காவில் மாம்பழச் சாறு மோவாயில் வழியச் சிரித்த மகளின் படத்தை, எட்டாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஸ்டிக்கராக்கி விட்டிருந்தார்கள்.

முதலில் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைத்தேன். பொறுமையாகக் கேட்டார்கள். தேதியும் அனுப்பிய போன் எண்ணும் தெரிகிற ஸ்கிரீன்ஷாட்டோடு பள்ளிக்குப் போனேன். "குழு எங்களுடையது இல்லையே" என்றார் தலைமையாசிரியை. வாஸ்தவம்தான். ஆனால் கரும்பலகையில் மாம்பழம் வரைந்து அவள் பெயரை எழுதியது வகுப்பில்தானே? அதைச் சொன்னதும் பேச்சு மாறியது.

செய்த பையனின் அம்மா வீட்டுக்கே வந்தார். "விளையாட்டா பண்ணிட்டான்க்கா, பெருசு பண்ணாதீங்க." பையன் வாசலில் செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக நின்றான். குழுவில் அழித்துவிட்டான், சரி. ஆனால் மற்றவர்கள் சேமித்த ஸ்டிக்கர் அவரவர் போனில் அப்படியேதான் இருக்கும். அதனால் வகுப்பாசிரியை ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு அழிக்கச் சொன்னார். (பாதிக்கு மேல் அப்பாக்களின் போன்!)

ஆபாசமாகத் திரித்திருந்தால் தேசிய சைபர் குற்றத் தளத்தில் பெயர் சொல்லாமலே புகார் தரலாம் என்று இங்கே ஒருவர் சொன்னது சரிதான். நல்லவேளை, அவ்வளவு தூரம் போகவில்லை.

நேற்று மகள் மாம்பழம் கேட்டாள். துண்டு போட்டு, முள்கரண்டியோடு தரச் சொன்னாள்.