உக்ரைன் அகதிகளுக்கான செலவு நம் கவுன்சில் வரியிலிருந்தா போகிறது?

கேள்வி: எங்கள் தெருவில் ஓர் உக்ரைன் குடும்பம் வந்திருக்கிறது, நல்லவர்கள். இங்கிலாந்தில் இவர்களுக்கான உதவிக்குக் கவுன்சில் (உள்ளாட்சி நிர்வாகம்) எங்கிருந்து பணம் எடுக்கிறது?

பதில்: பெரும்பகுதி மத்திய அரசின் பணம். உக்ரைனியர்களை இங்குள்ளவர்கள் தங்கள் வீட்டில் தங்கவைக்கும் 'ஹோம்ஸ் ஃபார் உக்ரைன்' திட்டம் 2022 மார்ச்சில் தொடங்கியபோது, வந்த ஒவ்வொருவருக்கும் கவுன்சிலுக்கு 10,500 பவுண்டு தந்தார்கள். 2023 ஜனவரியிலிருந்து வந்தவர்களுக்கு அது 5,900 ஆகிவிட்டது. வந்ததும் செலவுக்குத் தரும் 200 பவுண்டு, தங்கப்போகும் வீட்டைப் போய்ப் பார்ப்பது, வேலை தேட உதவி எல்லாம் அதற்குள்தான்.

பதில்: வீட்டில் இடம் கொடுப்பவர்களுக்கான மாதம் 350 பவுண்டு தனி. கவுன்சில் கொடுத்துவிட்டு அரசிடம் வாங்கிக்கொள்ளும்.

பதில்: ஒன்றை விட்டுவிட்டீர்கள். இங்கே இருந்த சொந்தக்காரர்களை நம்பி குடும்ப விசாவில் வந்தவர்களுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று கவுன்சிலுக்குத் தரும் இந்தத் தொகை கிடையாது, ஆனால் அந்த வீட்டில் இடம் போதாமல் அவர்கள் வெளியேற நேர்ந்தால் வந்து நிற்பது அதே கவுன்சில் வாசலில்தான். இது அநியாயம். 2023இல் வீடிழப்பைத் தடுக்க 15 கோடி பவுண்டு ஒதுக்கினார்கள், சரி, ஆனால் வாடகை இருக்கும் நிலையில் அது எவ்வளவு நாள் தாங்கியிருக்கும்?

கேள்வி கேட்டவர்: நன்றி. எங்கள் கவுன்சிலில் இந்தப் பணத்தில் எவ்வளவு மிச்சம் என்று தகவல் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேட்கிறேன்.