டேவிட் கில்மோர்: சொந்தப் பாட்டா, விருந்தாளி கித்தாரா?

பட்டர்வொர்த் பாலன்:
போன ஞாயிறு பினாங்கு லோரோங் கூலிட் சந்தையில் ஒரு பழைய கேசட் மூன்று வெள்ளிக்குக் கிடைத்தது. பிங்க் ஃபிளாய்ட் கித்தார்காரர் டேவிட் கில்மோர் 1984இல் தனியாகப் போட்ட 'அபவுட் ஃபேஸ்'. அட்டை வெளுத்திருந்தாலும் நாடா நன்றாக ஓடுகிறது. இரண்டு பக்கமும் கேட்டேன். அடிக்க வருவீர்கள், இருந்தாலும் சொல்கிறேன்: மனுஷன் தன் பாட்டில் வாசிப்பதைவிட அடுத்தவர் பாட்டில் வாசிப்பதுதான் அருமை. அதே வருஷம் பால் மெக்கார்ட்னியின் 'நோ மோர் லோன்லி நைட்ஸ்' பாட்டுக்கு வாசித்தாரே, அதைக் கேளுங்கள். அந்தப் பாட்டு இடம்பெற்ற படம் படுத்துவிட்டது, பாட்டு நிற்கிறது. பாதிக் காரணம் அந்தக் கித்தார்.

ஆயர் ஈத்தாம் மணி:
அண்ணே, ஒரு கேசட்டை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். 2006இல் தன் அறுபதாவது பிறந்தநாளன்று வெளியிட்ட 'ஆன் அன் ஐலண்ட்' கேட்டீர்களா? பிரிட்டனில் முதலிடம் போனது. தலைப்புப் பாட்டில் கிராஸ்பியும் நாஷும் குரல் சேர்க்க, கித்தார் அவசரமே இல்லாமல் வருகிறது. அடுத்தவர் பாட்டில் இவ்வளவு இடம் யார் கொடுப்பார்கள்?

பட்டர்வொர்த் பாலன்:
இடம் கிடைத்ததுதான் தம்பி பிரச்சினையே. அந்த ஆல்பத்தை ஃபெர்ரியில் கேட்டுக்கொண்டே தூங்கியவன் நான். அக்கரை வந்து மோட்டார்சைக்கிள்கள் ஹாரன் அடித்த பிறகுதான் கண் விழித்தேன்.

செந்தூல் மிருதங்கம்:
நான் கோயில் கச்சேரிகளில் பக்கவாத்தியம். தனி ஆவர்த்தனம் கொஞ்சம் நீண்டால் போதும், கூட்டத்தில் பாதி தேநீருக்கு எழுந்து போய்விடும். ஆனால் பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில் ஒரு சின்னத் தீர்மானம், அதாவது தாளத்தை முடித்து வைக்கும் சொற்கட்டு, வைத்துப் பாருங்கள், எல்லாத் தலையும் ஆடும். பாடகி கேட் புஷ்ஷின் 'லவ் அண்ட் ஆங்கர்' (1989) எனக்கு அந்த ரகம். பாட்டு ஏற ஏற கில்மோர் கித்தாரும் ஏறுகிறது, ஒரு இடத்திலும் பாடுபவரை மிதிக்கவில்லை. அந்தப் பெண் பள்ளிக்கூட வயதில் இருந்தபோது செலவு செய்து பாட்டைப் பதிவு செய்து, கம்பெனிக்காரர்களிடம் கொண்டுபோனவரும் இவர்தான். அதனால் பாலன் அண்ணன் பக்கம் ஒரு ஓட்டு.

ஆயர் ஈத்தாம் மணி:
சரி, 2024க்கு வாருங்கள். 'லக் அண்ட் ஸ்ட்ரேஞ்ச்' தலைப்புப் பாட்டில் வரும் கீபோர்டு, 2008இல் இறந்துபோன பிங்க் ஃபிளாய்ட் கீபோர்டுகாரர் ரிக் ரைட் அதற்கு முந்தைய வருஷம் கில்மோர் வீட்டுக் கொட்டகையில் வாசித்தது. அந்தச் சிநேகிதன் விரலோடு இவர் கித்தார் பேசுவதைச் சொந்த ஆல்பத்தில்தான் கேட்க முடியும். அதே ஆல்பத்தில் மகள் ரோமனி பாடிய 'பிட்வீன் டூ பாயிண்ட்ஸ்' வேறு இருக்கிறது.

பட்டர்வொர்த் பாலன்:
நீயே எனக்கு வாதம் எடுத்துக் கொடுக்கிறாய் லா. 'பிட்வீன் டூ பாயிண்ட்ஸ்' அவர் எழுதியதில்லை, மாண்ட்கால்ஃபியர் பிரதர்ஸ் பாட்டு. பாடுவதும் மகள். தன் ஆல்பத்திலேயே விருந்தாளியாகப் போன பாட்டுதான் உனக்கும் பிடித்திருக்கிறது!

தஞ்சோங் தோக்கோங் விஜயா:
கித்தார், கித்தார் என்று அந்தக் குரலை மறந்துவிட்டீர்கள். 2015இல் வந்த 'ரேட்டில் தட் லாக்' எப்படிப் பிறந்தது தெரியுமா? பிரான்ஸ் ரயில் நிலையத்தில் அறிவிப்புக்கு முன்னால் ஒலிக்கும் நாலு ஸ்வரத்தைக் கைப்பேசியில் பிடித்து, அதன்மேல் கட்டிய பாட்டு. அடுத்தவர் பாட்டில் ஒரு நிமிடம் வாசித்துவிட்டுப் போகிறவருக்கு இந்தக் கிறுக்கெல்லாம் வாய்க்குமா? (நம் கேடிஎம் ரயில் அறிவிப்பை வைத்து இன்னும் யாரும் பாட்டுப் போட்டதாகக் காணோம்.)

பட்டர்வொர்த் பாலன்:
அக்கா, குரலுக்கு நான் எதிரி இல்லை. ஆனால் அந்த ரயில் பாட்டில் எனக்குப் பிடித்தது அந்த நாலு ஸ்வரம்தான், அதுவும் அவருடையது இல்லை. மணி, ஞாயிறு காலை சந்தைக்கு வா, கேசட் கொண்டு வருகிறேன். இரண்டாம் பக்கத்தை முழுசாகக் கேட்டுவிட்டு அப்புறம் பேசு.

ஆயர் ஈத்தாம் மணி:
வருகிறேன். எதில் போட்டுக் கேட்பது?

பட்டர்வொர்த் பாலன்:
வாக்மேன் இருக்கிறது. பேட்டரி நீ வாங்கி வா, இரண்டு.