பலகை ஆட்ட 'மெக்கானிக்' என்பதற்குத் தமிழில் என்ன போடலாம்? வெள்ளிக்குள் வேண்டும்
(எழுதுவோர் எல்லையோர ஊர்க்காரர்கள்; ஊர்ப்பெயரே ஆள்பெயர்.)

கொழிஞ்சாம்பாறை:
வணக்கம். தமிழ்வழி ஏழாம் வகுப்புக்கான பயிற்சித்தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தெரிந்த பலகை ஆட்டங்களைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் சொந்தமாக ஒன்று செய்ய வேண்டும். காய், கட்டம், விதி எல்லாவற்றுக்கும் சொல் இருக்கிறது. ஆட்டம் நடக்கும் விதத்தை ஆங்கிலத்தில் 'மெக்கானிக்' என்கிறார்களே, அதற்குத்தான் இல்லை. பல்லாங்குழியில் குழிகுழியாக முத்துப் போட்டுக்கொண்டே போவது, ஆடுபுலியில் தாண்டி வெட்டுவது, தாயம் விழுந்தால்தான் காய் இறங்குவது, இவற்றுக்கெல்லாம் பொதுப்பெயர். 'மெக்கானிக்' என்றே விட்டால் பைக் பட்டறைதான் நினைவுக்கு வரும்.

நகரி:
பொறிமுறை. இலங்கையில் பாடநூல் வரைக்கும் புழங்கும் சொல். புதிதாக எதற்கு?

செங்கோட்டை:
பொறி என்றால் எலிப்பொறி, தீப்பொறி, ஐம்பொறி. ஏழாம் வகுப்பு தாங்காது. நம்மிடம் பழைய வேர் இருக்கிறது. 'வல்' என்றால் சூதாடு கருவி. அதன்பின் நாயும் பலகையும் வந்தால் எப்படிப் புணரும் என்று தொல்காப்பியம் தனி நூற்பாவே வைத்திருக்கிறது: வல்லநாய், வல்லப்பலகை. நாய் இங்கே காய். மலையாளத்தில் 'நாயும் புலியும்' என்று ஓர் ஆட்டம் இருப்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஆகவே 'வல்முறை'.

களியக்காவிளை:
வன்முறை என்று வாசிப்பார்கள் ஐயா. புணர்ச்சியும் அங்கேதான் கொண்டுபோய் விடும். கேரளப் பிள்ளைகள் விளையாட்டைக் 'களி' என்பார்கள், 'களிமுறை' போடலாமே? எங்கள் ஊர்ப்பெயரும் அதிலிருந்து வந்ததாக இருக்கலாம்.

நகரி:
ஊர்ப்பெயரை விடுங்கள். களி என்றால் எங்களுக்குக் கேழ்வரகுதான். தெலுங்கில் 'ஆட்ட' என்றாலும் விளையாட்டு. 'ஆட்டம்' வைத்தால் இரு பக்கமும் புரியும்.

திருத்தணி:
'விதி' ஏன் போதாது என்று யாராவது சொல்லுங்கள்.

கொழிஞ்சாம்பாறை:
குழிக்கு 6 முத்து என்பது விதி. 14 குழிக்கு 84. அதை 5 ஆக்கினால் 70, அப்போதும் அது பல்லாங்குழிதான். முத்துப் போட்டுப் போவதை எடுத்துவிட்டால் ஆட்டமே இல்லை. ஆனால் எண்ணையும் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. 3 வைத்தால், முதல் கையில் எடுத்த மூன்றும் அடுத்த மூன்று குழிகளில் விழுந்து ஒவ்வொன்றும் 4 ஆகும். குழியில் 4 சேர்ந்தால் அது 'பசு', எடுத்துக்கொள்ளலாம்; ஆக, எடுத்த எடுப்பில் மூன்று பசு. ஆடுபுலியில் கோடுகள் சேரும் சந்தி 23, 3 புலி, 15 ஆடு. ஒன்றும் வெட்டுப்படாமல் எல்லா ஆடும் இறங்கினால் காலி 5. பலகையை மட்டும் பெரிதாக்கி ஆட்டை 15 ஆகவே விட்டால் புலியை அடைக்க ஆள் பற்றாது. அதனால்தான் தாளில், ஒரு தடவைக்கு ஒன்றையே மாற்று, பக்கம் மாற்றி இரண்டு முறை ஆடு, பிறகு எழுது என்று போட்டிருக்கிறோம். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது கெடுத்தது என்று தெரியாது.

திருத்தணி:
அப்படியானால் நீங்கள் சொல்வதெல்லாம் வினைச்சொல். போடு, தாண்டு, வெட்டு, அடை, இறக்கு. 'ஆடுவினை' என்று வையுங்கள், டீச்சர்.

களியக்காவிளை:
ஆடுபுலித் தாளில் 'ஆடுவினை' என்றால் ஆடு செய்யும் வினை. புலிவினை எங்கே என்று கேட்பார்கள்!

செங்கோட்டை:
ஆடுபுலி உம்மைத்தொகை, ஆடுவினை வினைத்தொகை. இதை வகுப்பில் சொல்லிக்கொடுக்கலாமே. போகட்டும், கழகம் என்ற சொல் குறளில் சூதாடும் இடம்...

நகரி:
வேண்டாம் ஐயா, தேர்தல் நேரம்.

திருத்தணி:
சரி, 'ஆட்டவினை'. ஆடு போய்விட்டது.

நகரி:
'வினை' என்றால் கெட்ட வினை என்று பெற்றோர் முகம் சுளிப்பார்கள். நான் பொறிமுறையிலேயே நிற்கிறேன்.

கொழிஞ்சாம்பாறை:
வியாழன் மாலை ஆகிவிட்டது. மூன்று பேர் ஆட்டவினை, ஒருவர் பொறிமுறை. ஆட்டவினை என்று போட்டு, முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் மெக்கானிக் என்று எழுதிவிடுகிறேன். தாண்டல், அடைப்பு, வெட்டு மூன்றும் அதன் கீழே பட்டியலாக வரும். முத்துப் போடுவதற்கு 'விதைப்பு' என்று வைத்திருக்கிறேன், ஆட்சேபம் இருந்தால் இன்றிரவுக்குள்.

செங்கோட்டை:
விதைப்புக்கு ஆட்சேபம் இல்லை. போர்டுக்காவது 'வல்லப்பலகை' வைத்திருக்கலாம்.

களியக்காவிளை:
பலகை போதும்.